அறுவடைக்குப் பின் எஞ்சுபவை: பயிர்த் துணைப்பொருள்களைத் தீவனமாக்கும் முறை

நெல், சோளம், நிலக்கடலை, கரும்பு, மரவள்ளி முதலிய பயிர்களிலிருந்து மனிதர் தமக்கு வேண்டிய மணியையோ எண்ணெயையோ சர்க்கரையையோ மாவையோ எடுத்துக்கொண்ட பின் எஞ்சி நிற்கும் தாள், தட்டை, கொடி, கொழுந்தாடை, தவிடு, பொட்டு, பிண்ணாக்கு, திப்பி ஆகிய அனைத்தும் பயிர்த் துணைப்பொருள்கள் என்ற ஒரே பெயரில் அடங்கும். இவற்றுள் வயலில் எஞ்சுபவை பருமனும் நார்ச்சத்தும் மிகுந்தவை. ஆலையிலும் செக்கிலும் எஞ்சுபவை அளவில் சிறுத்துச் சத்தில் செறிந்தவை. முன்னவை உலர்தீவனத்தின் இடத்தையும், பின்னவை அடர்தீவனத்தின் இடத்தையும் ஓரளவு நிரப்பக்கூடியவை. அடர்தீவனம் என்பது குறைந்த அளவிலேயே மிகுந்த எரிசக்தியையும் புரதத்தையும் தரும் தானியம், பிண்ணாக்கு, தவிடு போன்றவற்றின் கலவையாகும்.

தமிழ்நாட்டு மாடுகள் காலங்காலமாக வைக்கோலையும் சோளத்தட்டையையும் கழுநீரையும் கொண்டே வளர்க்கப்பட்டவை. அறுவடை முடிந்த காவிரிப் படுகை வயல்களில் இராமநாதபுரம் பக்கத்து ஆடு மேய்ப்போராகிய கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவதும், மிச்சத்தைத் தீவனமாகவும் தீவனத்தை எருவாகவும் மாற்றும் அதே ஏற்பாட்டின் ஒரு கிளைதான். எனவே மாற்றுத்தீவனம் என்று இன்று பேசப்படுவதில் பொருள் பெரும்பாலும் பழையது. மாறியிருப்பவை மாடும் அறுவடையுமே ஆகும். உழவுக்கு நின்ற காளைக்கும் ஒன்றிரண்டு லிட்டர் கறந்த நாட்டுப் பசுவுக்கும் போதுமாக இருந்த வைக்கோல், நாளொன்றுக்குப் பத்து லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவுக்குப் போதாமற் போனது. கையால் அறுத்துக் களத்தில் அடித்துப் போர் வைத்த தாளுக்குப் பதிலாக, இயந்திரம் நொறுக்கி ஈர நிலத்தில் கொட்டிச் செல்லும் தாள் வந்தது.

துணைப்பொருள் எதுவும் தனித்து முழுத்தீவனம் ஆவதில்லை. ஒவ்வொன்றிலும் ஏதேனும் ஒரு சத்து குறைந்திருக்கும், சிலவற்றில் நஞ்சும் மறைந்திருக்கும் என்பதால், ஒன்றை வாங்குவதற்கு முன் அதில் நீர் எத்தனை பங்கு, புரதம் எத்தனை பங்கு, கெடுதல் எது, அந்தக் கெடுதலை நீக்கும் வழி எது என்று கேட்டறிந்த பின்னரே விலையைக் கேட்பது முறையாகும். இந்த அத்தியாயம் தமிழ்நாட்டில் எளிதில் கிடைக்கும் பொருள்களை அந்தக் கேள்விகளின் வழியே பார்க்கிறது.

அசையூண் வயிற்றின் தேவை

மாடு, எருமை, ஆடு ஆகிய அசைபோடும் விலங்குகளின் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றுள் மிகப் பெரியதாகிய அசையூண் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. மனிதராலும் கோழியாலும் பன்றியாலும் செரிக்க இயலாத நார்ச்சத்தை உடைத்து மாட்டுக்கு எரிசக்தியாக மாற்றித் தருபவை அவையே. வைக்கோலைத் தின்பது மாடு எனினும் அதைச் செரிப்பது நுண்ணுயிரி ஆதலால், முதலில் பசியாற்ற வேண்டியது நுண்ணுயிரியைத்தான். அதற்கு வேண்டிய முதன்மையான பொருள் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன்.

தீவனத்திலுள்ள நைட்ரஜனின் அளவை 6.25-ஆல் பெருக்கி வரும் எண்ணைக் கச்சாப் புரதம் என்று தீவன அறிவியலார் குறிப்பர். ஒரு மாட்டின் மொத்தத் தீவனத்தில், நீர் நீக்கிய எடையில் கச்சாப் புரதம் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குமானால் நுண்ணுயிரிகள் பெருக இயலாது. நார் செரியாமல் வயிற்றிலேயே நெடுநேரம் தங்கும். வயிறு நிறைந்திருப்பதால் மாடு மேலும் தின்ன மறுக்கும். வைக்கோலில் இருப்பது 3 முதல் 4 விழுக்காடு மட்டுமே. போர் நிறைய வைக்கோல் இருந்தும் மாடு எலும்பு தெரிய நிற்பதன் காரணம் இதுவே. ஆகவே வைக்கோலை மேலும் அள்ளிப் போடுவதால் பயனில்லை. அதனோடு தழைச்சத்துள்ள ஒன்றைச் சேர்த்தால், அதே வைக்கோலே முன்னைவிட மிகுதியாகத் தின்னப்பட்டு நன்கு செரிக்கும்.

அளவைப் பொறுத்தவரை, வளர்ந்த மாடு தன் உடல் எடையில் 2.5 முதல் 3 விழுக்காடு வரை உலர்பொருளை நாள்தோறும் தின்னும். உலர்பொருள் என்பது தீவனத்திலுள்ள நீரை முற்றும் நீக்கிய பின் நிற்கும் எடை. 400 கிலோ எடையுள்ள பசுவுக்கு இது 10 முதல் 12 கிலோ வரை ஆகும். வைக்கோல் 10 கிலோவில் உலர்பொருள் ஏறத்தாழ 9 கிலோ இருக்க, வாழைத்தண்டு 10 கிலோவில் ஒரு கிலோகூடத் தேறாது என்பதை நினைவிற் கொண்டால், கூடை கூடையாகப் போடப்படும் ஈரத்தீவனம் சில வேளைகளில் நீரையன்றி வேறொன்றையும் தருவதில்லை என்பது புலப்படும்.

வைக்கோல்

நெல் வைக்கோல் தமிழ்நாட்டின் மிகப் பெரிய தீவனக் கையிருப்பு ஆகும். அதன் குறைகள் நான்கு: புரதம் மிகக் குறைவு, நார் இழைகள் லிக்னின் என்னும் மரத்தன்மையுள்ள பொருளால் பிணைக்கப்பட்டிருப்பதால் செரிமானம் தாமதம், மணற்சத்தாகிய சிலிக்கா மிகுதி, ஆக்சலேட் என்னும் அமிலச் சேர்மம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடலிற் சேரவிடாமல் செய்கிறது. இவற்றோடு, பச்சை நிறம் போனதும் வைட்டமின் 'ஏ' உருவாகத் தேவையான கரோட்டினும் போய்விடுவதால், மாதக்கணக்கில் வைக்கோலை மட்டும் தின்ற சினைப்பசு ஈனும் கன்று பார்வைக் குறையுடன் பிறக்கக்கூடும். நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து கிலோ பசும்புல்லோ அகத்தி, வேலிமசால் போன்ற தழையோ கொடுப்பது இதைத் தடுக்கும். தாது உப்புக் கலவையை வளர்ந்த மாட்டுக்கு 30 முதல் 50 கிராம் வரை தவிட்டில் கலந்து கொடுப்பது சுண்ணாம்புக் குறையை ஈடுசெய்யும்.

மற்றத் தானியப் பயிர்களில் தண்டைவிட இலை எளிதில் செரிக்கும். நெல்லிலோ இலையில் சிலிக்கா மிகுந்திருப்பதால் தண்டே மேலானது. ஆகவே அறுவடை இயந்திரம் உயர்த்தி அறுக்கும்போது வயலில் அடித்தாளாக நிற்பது கழிவன்று, வைக்கோலின் நல்ல பகுதி. தீவனத்துக்காக வைக்கோலை நம்பியிருக்கும் குடும்பம், இயலுமிடத்தில் கத்தியைத் தாழ்த்தி அறுக்கும்படி இயந்திரம் ஓட்டுபவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நன்று.

படுகையில் குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் முடிகிறது. அந்த வைக்கோல் நனையாமல் கரையேறுவது அரிது. நனைந்ததை இயந்திரக் கட்டாக உருட்டிவிட்டால் வெளிப்புறம் பொன்னிறமாகவும் உட்புறம் பூசணம் பூத்தும் இருக்கும். கட்டு வாங்குவோர் ஒன்றைப் பிரித்து நடுவில் கைவிட்டுப் பார்ப்பது அவசியம்: வெப்பம், முடைநாற்றம், கருமை, வெண்தூசி ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அது எருக்குழிக்கு உரியது. பூசண வைக்கோல் வயிற்றை மட்டும் கெடுப்பதன்று; பஞ்சாபில் டெக் நாலா என்ற ஓடையின் கரைப்பகுதியில் முதலில் அறியப்பட்டு 'டெக்னாலா' என்றே பெயர் பெற்ற நோயில், பூசணம் பிடித்த வைக்கோலைத் தின்ற எருமைகளின் காது நுனியும் வால் நுனியும் குளம்பும் இரத்த ஓட்டமற்று அழுகி விழுகின்றன. போரைக் கல் அல்லது கட்டை பரப்பிய மேட்டில் அமைத்து, உச்சியைச் சரிவாக மேய்ந்து, அடியில் காற்று புக இடம் விடும் பழைய முறையில் குறை சொல்ல ஏதுமில்லை. போர் மேயத் தெரிந்த கைகள் ஊருக்கு ஊர் குறைந்து வருவதால் தார்ப்பாய் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது, அவ்வளவே.

யூரியா ஊட்டம்

வைக்கோலின் முதல் இரண்டு குறைகளையும் ஒருசேர நீக்கும் முறை யூரியா ஊட்டம் ஆகும். ஈரமான வைக்கோலில் தெளிக்கப்பட்ட யூரியா, வைக்கோலிலேயே உள்ள நொதியால் அமோனியாவாகப் பிரிகிறது. காற்றுப் புகாமல் மூடிவைக்கப்பட்ட நிலையில் அந்த அமோனியா லிக்னின் பிணைப்பைத் தளர்த்துவதோடு, தானும் ஓரளவு வைக்கோலில் தங்கித் தழைச்சத்தாகிறது. விளைவாக 3 அல்லது 4 விழுக்காடாக இருந்த கச்சாப் புரதம் 7 முதல் 8 விழுக்காடு வரை உயர்கிறது.

100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவும் 50 முதல் 60 லிட்டர் நீரும் தேவை. யூரியாவைத் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். கைப்பிடிக் கணக்கு இங்கே உயிருக்கு ஆபத்து. யூரியாவை நீரில் ஒரு மணியும் எஞ்சாமல் கரைத்து, சாணம் மெழுகிய தரையிலோ தார்ப்பாயிலோ வைக்கோலை ஒரு முழ உயரத்துக்குப் பரப்பி, பூவாளியால் சீராகத் தெளித்து, மிதித்து அழுத்தி, அதன்மேல் அடுத்த அடுக்கைப் பரப்பி இவ்வாறே முடித்து, முழுவதையும் பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களை மண் அணைத்து அடைக்க வேண்டும். 21 நாள் கழித்து ஒரு பக்கத்தை மட்டும் திறந்து, அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்து, ஒரு மணி நேரம் காற்றாட விரித்து, மூக்கை எரிக்கும் நெடி அடங்கிய பிறகே மாட்டுக்குப் போட வேண்டும். நன்கு ஊட்டம் பெற்ற வைக்கோல் பழுப்புநிறம் ஏறி மென்மையாக இருக்கும். முதல் சில நாட்கள் மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் என்பதால், சாதாரண வைக்கோலுடன் கலந்து ஒரு வாரத்தில் பங்கை உயர்த்துவது வழக்கம்.

ஆறு மாதம் நிரம்பாத கன்றுக்கு அசையூண் வயிறு முழுமையாக வளர்ந்திராது. குதிரைக்கும் பன்றிக்கும் அத்தகைய வயிறே கிடையாது. இவற்றுக்கு இந்த வைக்கோலைக் கொடுக்கலாகாது. கரைசல் வாளியை மாடு எட்டுமிடத்தில் வைப்பது மிகப் பெரிய தவறு. யூரியா நேரடியாக வயிற்றுக்குள் போனால் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே நடுக்கம், வாயில் நுரை, வயிற்று உப்புசம், தள்ளாட்டம் தோன்றி மாடு சாயும். குளிர்ந்த நீரும் வினிகரும் புகட்டுவது முதலுதவி எனினும், புரையேறும் ஆபத்து இருப்பதால் கால்நடை மருத்துவரை அழைத்துக்கொண்டே அதைச் செய்ய வேண்டும்.

இந்த முறை பல பத்தாண்டுகளாகப் பயிற்சி முகாம்களில் கற்பிக்கப்பட்டும் பரவலாக நிலைபெறவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. கோடையில் நீர், மூன்று ஆள் உழைப்பு, கிழியாத பிளாஸ்டிக் தாள், மூன்று வாரக் காத்திருப்பு ஆகிய நான்கையும் ஒரே ஒரு பசு வைத்திருக்கும் வீடு தொடர்ந்து கொடுக்க இயலாது. ஐந்தாறு மாடுகளுக்கு மேல் வைத்திருந்து, வைக்கோலைத் தவிர வேறு உலர்தீவனம் கிடைக்காத பண்ணைக்கே இது பொருத்தமானது. மற்றவர்களுக்கு அடுத்து வரும் வழியே எளிது.

கொடியும் பொட்டும்: பயறுவகையின் துணை

பயறுவகைச் செடிகள் வேர்முடிச்சுகளின் வழியே காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெறுவதால், அவற்றின் காய்ந்த இலையிலும் கொடியிலும்கூடத் தானியத் தட்டைகளைவிட இரண்டு மூன்று மடங்கு புரதம் இருக்கிறது. நிலக்கடலைக் கொடியில் இது 8 முதல் 12 விழுக்காடு வரை. படுகையில் சம்பா, தாளடி நெல் வயல்களில் அறுவடைக்குச் சற்று முன் ஈரத்தில் தெளிக்கப்படும் உளுந்தும் பயறும், அதே வயலின் வைக்கோலுக்குத் துணையாகும் சருகையும் நெற்று ஓட்டையும் தருபவை. அறுவடை இயந்திரத்தின் சக்கரத்தடத்தில் முளைகள் நசுங்கிப் போவதால் அந்தத் தெளிப்புக் குறைந்துவரும் ஊர்களில், மனிதருக்குப் பருப்பு குறைவதோடு மாட்டுக்குப் புரதமும் குறைகிறது.

கணக்கு எளிமையானது. 5 கிலோ வைக்கோலில் கச்சாப் புரதம் 3.5 விழுக்காடு எனக் கொண்டால் மொத்தம் 175 கிராம். அதில் 2 கிலோவை நீக்கி அந்த இடத்தில் 10 விழுக்காடு புரதமுள்ள 2 கிலோ கடலைக்கொடியைச் சேர்த்தால் 105-உம் 200-உம் சேர்ந்து 305 கிராம், அதாவது 6 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இதனோடு அரைக் கிலோ உளுந்தம் பொட்டு சேர்ந்தால் 7 விழுக்காட்டு எல்லை தாண்டப்படுகிறது. யூரியாவும் பிளாஸ்டிக் தாளும் இல்லாமலே நுண்ணுயிரிகளின் பசி அடங்கிவிடுகிறது. பொட்டு என்பது பருப்பு உடைக்கும் ஆலையில் தோலும் உடைந்த பருப்புத் துகளும் கலந்து கழிவது. உளுந்து, துவரை, பயறு, கடலை என அதற்கு வகைகள் உண்டு. துகள் மிகுந்த பொட்டில் புரதம் 18 விழுக்காட்டை ஒட்டி இருக்கும்; வெறும் தோலாக வரும் பொட்டில் நாரே மிகுதி. கையில் அள்ளிப் பார்த்தாலே இரண்டுக்கும் வேறுபாடு தெரியும்.

கடலைக்கொடியின் புரதம் தண்டில் அன்றி இலையில் இருக்கிறது. வெயிலில் மிகையாகக் காய்ந்த கொடியை நண்பகலில் புரட்டினால் இலை உதிர்ந்து மண்ணோடு போகும். காலைப் பனி ஈரம் சற்று இருக்கும்போதே புரட்டிக் கட்டுவது இழப்பைக் குறைக்கும். வேரில் ஒட்டிய மண்ணை உதறாமல் கொடுத்தால் மாட்டின் வயிற்றில் மணல் சேரும். அறுவடைக்கு முன் பூச்சிக்கொல்லி அல்லது பூசணக்கொல்லி தெளிக்கப்பட்டிருந்தால், மருந்துப் பொட்டலத்தில் குறித்த காத்திருப்பு நாட்கள் கடந்தனவா என்று பார்ப்பது கொடிக்கும் பொருந்தும். காய்க்கு மட்டும் என்று எண்ணுவது பிழை.

தட்டையும் கொழுந்தாடையும்

சோளத்தட்டை, கம்பந்தட்டை, மக்காச்சோளத் தட்டை ஆகியவை வைக்கோலைவிடச் சற்று மேலான உலர்தீவனங்கள். இவற்றை முழுநீளத்தில் போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துப் போடும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கும் இயந்திரம் வாங்கினால் இந்த விரயம் குறைவதிலேயே அதன் விலை திரும்பிவிடும். முற்றி உலர்ந்த சோளத்தட்டை அச்சமின்றிக் கொடுக்கத்தக்கது. ஆனால் இளஞ்சோளப் பயிரிலும், மழையின்றி வாடி நிற்கும் பயிரிலும், அறுத்த தூரில் மறுபடி துளிர்க்கும் மறுதாம்புத் தளிரிலும், நசுங்கியவுடன் ஐதரோசயனிக் அமிலத்தை வெளிவிடும் பொருள் மிகுந்திருக்கிறது; பசியோடு அவிழ்த்துவிடப்பட்ட மாடு அத்தகைய தளிரை மேய்ந்த சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறி விழக்கூடும்.

கரும்பின் நுனியில் பச்சையாக நிற்கும் கொழுந்தாடை, ஆலைப்பகுதிகளில் வெட்டுக் காலம் முழுவதும் கட்டுக்கட்டாகக் கிடைப்பது. மாடு விரும்பித் தின்னும் இதில் புரதம் 5 முதல் 6 விழுக்காடு வரை உள்ளது. ஆக்சலேட்டும் உண்டு என்பதால் தாது உப்பு இன்றி வாரக்கணக்கில் இதை மட்டும் போடுவது தகாது. ஒரே வேளையில் மலிந்து பிறகு இல்லாமற் போகும் இதுபோன்ற பசுந்தீவனத்தைச் சேமிக்க ஊறுகாய்ப்புல் முறை உதவுகிறது. காற்றில்லாத இடத்தில் பயிரின் சர்க்கரையை நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலமாக மாற்ற, அந்தப் புளிப்பே தீவனத்தைக் கெடாமற் காக்கிறது. ஈரம் 65 முதல் 70 விழுக்காடு அளவில் நிற்கும்படி வாடவைத்து, நறுக்கி, குழியிலோ மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயிலோ அடுக்கடுக்காகக் காற்றில்லாமல் மிதித்து நிரப்பி, இறுக மூடி 45 நாள் விட வேண்டும். ஈரத்தைச் சோதிக்க, நறுக்கிய தழையை உள்ளங்கையில் இறுகப் பிடித்து விட்டால் நீர் சொட்டாமலும் உருண்டை மெல்லப் பிரிவதாகவும் இருந்தால் போதும். திறக்கும்போது புளித்த பழவாடை வருவது நல்லது. அழுகல் நெடியும் கறுப்பு நிறமும் கொண்ட பகுதியைத் தயங்காமல் நீக்க வேண்டும்.

தவிடும் பிண்ணாக்கும்

அரிசித் தவிட்டில் புரதம் 12 முதல் 14 விழுக்காடும், எண்ணெய் அதற்கு ஏறத்தாழ இணையாகவும் இருக்கின்றன. ஆலையில் அரைபட்ட நொடியிலிருந்தே தவிட்டிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குவதால் பச்சைத்தவிடு சில வாரங்களில் சிக்குவாடை அடிக்கும். எண்ணெய் நீக்கிய தவிடு நெடுநாள் நிற்கும், புரதம் சற்றுக் கூடுதல், எரிசக்தி குறைவு. தவிட்டில் உமித்தூள் கலப்படம் பழைய வழக்கம். ஒரு கைப்பிடியை நீரில் கரைத்தால் உமி மிதப்பதும் மணல் அடியில் தங்குவதும் கண்ணுக்கே தெரியும். தவிட்டில் மணிச்சத்து மிகுதியாகவும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவாகவும் உள்ளதால், கிடாக்களுக்கு, குறிப்பாகக் காயடித்த கிடாக்களுக்கு, அதைத் தொடர்ந்து மிகையாகக் கொடுத்தால் சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்து உயிரிழப்பு நேரும். தீவனத்தில் சுண்ணாம்புக்கல் தூளும் உப்பும் சேர்த்து, குடிநீரைத் தாராளமாக வைப்பது இதற்குத் தடை.

கடலைப் பிண்ணாக்கில் புரதம் 40 விழுக்காட்டுக்கு மேலும், எள்ளுப் பிண்ணாக்கில் 30 முதல் 40 வரையும், தேங்காய்ப் பிண்ணாக்கில் 20-ஐ ஒட்டியும் இருக்கும். கொங்குப் பகுதியில் கறவை மாட்டுக்கு ஆட்டிக் கொடுக்கப்படும் பருத்திக்கொட்டையில் புரதமும் கொழுப்பும் சேர்ந்தே உள்ளன. ஆயினும் அதிலுள்ள காசிப்பால் என்னும் நச்சுப்பொருளை வளர்ந்த மாட்டின் அசையூண் வயிறு அளவோடு தாங்குமே அன்றிக் கன்று தாங்காது. ஆமணக்குப் பிண்ணாக்கு எருவாக மட்டுமே பயன்படத்தக்கது. அதிலுள்ள ரிசின் கொடிய நஞ்சு, தீவனமூட்டைகளோடு அதை ஒரே அறையில் அடுக்குவதும் கூடாது.

பிண்ணாக்கைப் பற்றிப் பேசுமிடத்தில் அஃப்ளாடாக்சினைத் தவிர்க்க இயலாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. அவற்றின் தீவனத்திலிருந்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கைச் சோதித்தபோது அஸ்பர்ஜில்லஸ் என்ற பூசணம் சுரக்கும் இந்த நஞ்சு கண்டறியப்பட்டது. வறட்சியில் விளைந்த கடலையிலும், ஈரத்தோடு மூட்டை கட்டப்பட்ட கடலையிலும் அது மிகும். கொதிக்க வைத்தாலும் போகாது. பூசணம் கண்ணுக்குத் தெரியாத பிண்ணாக்கிலும் இருக்கலாம். கல்லீரலைத் தாக்கிப் பாலைக் குறைப்பதோடு, மாட்டின் உடலில் எம்1 என்ற வடிவம் பெற்றுப் பாலிலும் இறங்குகிறது. பாலில் அது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு வரம்பு. தீவனத்திலேயே தடுப்பதுதான் ஒரே வழி: ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்காமை, சுவரிலிருந்து விலக்கி மரச்சட்டத்தின்மேல் அடுக்குதல், கசப்பும் பூசணவாடையும் உள்ள மூட்டையைக் கழித்தல், ஐயம் எழுந்தால் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் போன்ற இடத்தில் மாதிரி கொடுத்துச் சோதித்தல்.

மரவள்ளி

சேலம், நாமக்கல் பகுதிகளில் குச்சிக்கிழங்கு என வழங்கும் மரவள்ளி, சேகோ ஆலைகளில் மாவு எடுக்கப்பட்ட பின் திப்பியாக வெளிவருகிறது. எஞ்சிய மாவும் நாரும் கலந்த இப்பொருள் எரிசக்திக்கு நல்லது. புரதமோ 2 விழுக்காட்டளவே. தானியத்தின் ஒரு பகுதியை இதனால் ஈடுசெய்யலாம், பிண்ணாக்கை ஈடுசெய்ய முடியாது. இந்த வேறுபாட்டை மறந்து அடர்தீவனம் முழுவதையும் திப்பியாக மாற்றும் வீடுகளில்தான் பால் குறைந்து, பழி திப்பியின்மேல் விழுகிறது. திறந்த களத்தில் காயும் திப்பியில் மணல் கலப்பது இயல்பு; மேற்கூறிய நீர்ச்சோதனை இங்கும் பயன்படும்.

இளஞ்சோளத்தில் கண்ட அதே ஐதரோசயனிக் அமில நஞ்சு மரவள்ளியிலும் உண்டு; ஆலையில் பலமுறை கழுவி வெயிலில் காய்வதால் திப்பியில் அது பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. பச்சைத் தோலும் பச்சை இலையும் அவ்வாறல்ல. அறுவடை நாளில் குவிந்து கிடக்கும் மரவள்ளித் தழையை எட்டித் தின்ற வெள்ளாடுகள் நுரை தள்ளி, மூச்சிரைத்து, ஒரு மணி நேரத்துக்குள் இறப்பது அப்பகுதிக் கால்நடை மருந்தகங்களுக்கு நன்கு தெரிந்த நிகழ்வு. மருத்துவர் உடனே வந்தால் சோடியம் தயோசல்பேட் போன்ற மாற்று மருந்தை நரம்பில் ஏற்றிக் காப்பாற்ற இயலும். அதே இலையை நறுக்கி இரண்டு மூன்று நாள் வெயிலில் சருகாக உலர்த்தினால் நஞ்சு பெரிதும் ஆவியாகி, 20 விழுக்காட்டுப் புரதமுள்ள நல்ல தீவனம் மிஞ்சுகிறது. திப்பியில் இல்லாத புரதம் அதே செடியின் இலையில் இருக்க, அந்த இலையை வரப்பில் அழுகவிட்டுவிட்டுப் பிண்ணாக்கு வாங்கப் போவது ஏற்கத்தக்க சிக்கனம் அன்று.

மாவுப்பொருள் எதையும் திடீரென மிகுதியாகக் கொடுத்தல் ஆகாது. அசையூண் வயிற்றின் நுண்ணுயிரிகள் புதிய தீவனத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் திப்பியோ குருணையோ சோறோ ஏராளமாக உள்ளே போனால் லாக்டிக் அமிலம் பெருகி வயிறு புளித்து, மாடு படுத்துவிடும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அன்போடு அண்டா நிறைய வைத்து மாட்டை இழந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் குறைவில்லை.

சந்தைக் கழிவுகளும் இந்தக் கண்டிப்புக்கு உட்பட்டவையே. முட்டைக்கோசு, காலிபிளவர் இலைகளில் பூச்சிமருந்து எச்சம் இருக்கலாம். முளைவிட்டுப் பச்சைபிடித்த உருளைக்கிழங்கில் சொலனின் என்ற நஞ்சு உண்டு. பெரம்பலூர்ப் பக்கம் கழிக்கப்படும் சின்ன வெங்காயம் மாட்டின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சிறுநீரைச் செந்நிறமாக்கக்கூடியதால் சிறு பங்குக்கு மேல் போகக்கூடாது.

விலையைக் கணக்கிடும் முறை

தீவனங்களை மூட்டை விலையால் ஒப்பிடுவது ஏமாற்றம் தரும். ஒரு கிலோ புரதம் அல்லது ஒரு கிலோ உலர்பொருள் எவ்வளவுக்குக் கிடைக்கிறது என்று ஒப்பிடுவதே சரி. எடுத்துக்காட்டாக, பீர் ஆலையிலிருந்து வரும் ஈரத்திப்பியில் உலர்பொருள் 25 விழுக்காடு, அந்த உலர்பொருளில் புரதம் 24 விழுக்காடு எனில், வாங்கும் எடையில் புரதம் 6 விழுக்காடே. கிலோ 6 ரூபாய் என்றால் ஒரு கிலோ புரதத்தின் விலை 100 ரூபாய். 42 விழுக்காடு புரதமுள்ள கடலைப் பிண்ணாக்கு கிலோ 42 ரூபாய் என்றாலும் ஒரு கிலோ புரதத்தின் விலை அதே 100 ரூபாய்தான். ஏழில் ஒரு பங்கு விலையில் கிடைப்பதாகத் தோன்றியது உண்மையில் சமமாகிவிட்டது. லாரியில் வருவதில் முக்கால் பங்கு நீர் என்பதால் ஏற்றுகூலி சேர்ந்தவுடன் ஈரத்திப்பி விலை கூடியதாகிறது. இரண்டு மூன்று நாளில் கெடுவதால் வீணாவதையும் கூட்ட வேண்டும். ஆலைக்கு அருகில் பத்து மாடு வைத்திருப்பவருக்கு அது ஆதாயம், அறுபது கிலோமீட்டர் தள்ளி இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு நட்டம்.

இதே கணக்கை எரிசக்திக்கும் செய்யலாம்; ஆனால் வைக்கோலை அடிப்படையாகக் கொண்ட தமிழ்நாட்டுத் தீவனத்தில் முதலில் முட்டுவது பெரும்பாலும் புரதமே ஆதலால், புரதக் கணக்கை முதலில் போட்டுப் பார்ப்பது காலத்தை மிச்சப்படுத்தும். புதிய பொருளைச் சேர்த்த இரண்டு வாரத்துக்குப் பின் ஒரு வாரம் பாலை அளந்து, முன்னைய வாரத்தின் அளவோடு ஒப்பிட்டு, மிச்சமான தீவனச் செலவிலிருந்து குறைந்த பாலின் விலையைக் கழித்தால் கிடைக்கும் தொகையே அந்தப் பொருளின் உண்மையான ஆதாயம். சாணம் வழக்கத்துக்கு மாறாக நீர்த்தோ புளித்த வாடையுடனோ விழுந்தால் கணக்கு முடியும்வரை காத்திராமல் புதிய தீவனத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.